வளையத்தில் ஒரு கட்டு

செங்கடல் ஓரத்துக் குசைர் துறையில் காலை ஒன்பது மணிக்கே கல் சுட்டது. முக்குளிக்கும் கரார், கடலடியில் கிடந்த ஒரு நான்கு கொக்கி நங்கூரத்தைச் சுமந்து வந்து படகுத் தளத்தில் போட்டான். அழுகிய மீன்குடலின் வாடை குப்பென்று எழுந்தது.

"கீழ கட்டோட கிடக்குறத நம்மாளுங்க யாரும் எடுக்க மாட்டாங்க, தெரியாதா?" என்றார் ரெய்ஸ், அதாவது படகுத் தலைவர், ஹம்தான்.

"இருந்த ஒரு நங்கூரத்தையும் பாறையில விட்டுட்டோம் ரெய்ஸ். கலப்பை நங்கூரம் மணலுக்குத்தான் ஆகும். பவளத்துக்கு வளையுற கம்பிதான் வேணும். தாடிக்கு மருதாணி போட நேரம் இருக்கு, ஒரு கம்பிய வளைக்க நேரம் இல்ல உங்களுக்கு."

சிவந்த தாடிக்குள் ஹம்தான் சிரித்துவிட்டார். தவறு அங்கேதான் ஆரம்பித்தது.

சங்கிலியை நங்கூரத்தின் அடியில் மாட்டி, மேல் வளையத்தோடு மெல்லிய நூலால் மட்டும் கட்டுவது அவர்கள் வழக்கம். கொக்கி பாறையில் சிக்கினால் பலமாக ஓர் இழுப்பு. நூல் அறும், நங்கூரம் தலைகீழாகப் புரண்டு வெளியே வரும்.

இந்த வளையத்தில் ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது. ஹம்தான் கத்தியை வைத்தார்.

நூல் இல்லை. நீளமான தலைமுடி.

இழைகளுக்கிடையே வெள்ளையாக, கொழுப்புப் போல ஏதோ பிதுங்கி அவர் நகக்கண்ணில் ஏறியது. மூன்று முறை கழுவினார். ரொட்டியை வாயில் வைத்தபோது அதே வாடை. துப்பினார்.

"பாசிதான் ரெய்ஸ்," என்றான் கரார்.

முடியைக் கடலில் எறிந்துவிட்டுப் புது நைலான் நூலால் கட்டினார்.

நண்பகலில், சோதனைக்காகப் பவளத் திட்டுக்கு அருகே நங்கூரமிட்டார்கள். வாடைக்காற்று திடீரென்று வலுத்தது. படகின் பின்புறம் பாறையை நோக்கி நகர்ந்தது. ஹம்தான் கயிற்றை இழுத்தார். இயந்திரத்தை ஓட்டியும் இழுத்தார்.

நூல் அறவில்லை.

கரார் காற்றுக் குப்பியை மாட்டிக்கொண்டு குதித்தான். குமிழிகள் வந்தன. பாறை பத்து முழத்தில் இருந்தது.

குமிழிகள் நின்றன.

கயிறு தளர்ந்தது, இறுகியது, தளர்ந்தது. கீழே யாரோ பின்னல் போடுவது போல. அதன் வழியே ஒரு கொழகொழப்பு மேலேறி அவர் உள்ளங்கையை நனைத்தது. கத்தியைக் கயிற்றில் வைத்தார். அறுத்தால் படகு பிழைக்கும். கயிற்றைப் பிடித்துத்தானே கரார் ஏற வேண்டும்?

கத்தியை விலக்கிக் காத்திருந்தார்.

கராரின் தலை நீரைப் பிளந்தது. அவனை இழுத்துப் போட்டு, கயிற்றை அறுத்து, பாறையை உரசியபடி படகைத் திருப்பினார்.

கரார் மஞ்சளாக வாந்தி எடுத்தான்.

"உங்க நூல் அங்க இல்ல ரெய்ஸ்," என்று கிசுகிசுத்தான். "முடிதான். நான் அறுக்க அறுக்க... அது கட்டிக்கிட்டே இருந்துச்சு."

"எது?"

அவன் திரும்பினான். பின்னந்தலையில் ஒரு கை அகலத்துக்கு முடியே இல்லை. அந்தத் தோல் வேகவைத்த கணவாய் போல வெளுத்து, பிசுபிசுத்தது.

மூன்றாம் நாள் ஹம்தான் தானே கம்பி வளைத்துப் புது நங்கூரம் செய்தார். கடல் நீர் படாதது. வெயிலில் காயவைத்துவிட்டு, நூல் எடுக்கப் போய்த் திரும்பினார்.

வளையத்தில் கட்டு போட்டிருந்தது. ஈரமாக, இறுக்கமாக.

மருதாணிச் சிவப்பு.

ஹம்தான் மெல்லத் தாடையைத் தொட்டார். விரல் வழுக்கியது.