படிவத்துக்குள் சான்று, சான்றுக்குள் படிவம்

செவ்வாயின் இருபத்தேழாம் குவிமாடத்தில், பயண அனுமதிக் கவுண்டர் முன் நின்றபடி, தில்லைக்கரசி தன் கைப்பேசியில் பிறப்புச் சான்றைத் திறந்து, அதற்குள் இருந்த மின்கட்டண ரசீதைத் திறந்து, அதற்குள் இருந்த ரசப்பொடிக் குறிப்பை வெளியே எடுத்தாள். யாரும் வியக்கவில்லை. கோப்பு வேறு, கோப்புறை வேறு என்ற பாகுபாட்டை ஒழித்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது எல்லாமே பொதியேடுதான். படிக்கவும் செய்யலாம், உள்ளே இன்னொன்றைத் திணிக்கவும் செய்யலாம். நம் மக்கள் எதைச் செய்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்பதாம் குவிமாடத்தில் அவள் மகள் யாழிசைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. நான்கு மணி ஊர்தியை விட்டால் அடுத்தது ஆறு நாள் கழித்துத்தான்.

"சான்று கனமா இருக்கும்மா," என்றது இயந்திர எழுத்தர். "உள்ளே பதினாலாயிரம் ஏடு இருக்கு. அத்தனையும் பாத்தாகணும்."

"ஏம்ப்பா, நான் பொறந்தேனான்னு மேலோட்டமாப் பாத்தா போதாதா? எதிர்லதானே நிக்கிறேன்!"

"மேலோட்டம்னு ஒண்ணு கிடையாதும்மா. ஏடுன்னா உள்ளே இருக்கிறதும் சேர்த்துத்தான்." அது உரக்கவே வாசிக்கத் தொடங்கியது. "சம்பந்தியம்மா பற்றிய புகார், மூன்றாம் திருத்தம்..."

"முதல் ரெண்டு எங்கம்மா?" என்றார் வரிசையில் பின்னால் நின்றவர்.

தில்லைக்கரசி பல்லைக் கடித்தபடி பதினாலாயிரத்தையும் கணவரின் ஓய்வூதிய ஆணைக்குள் தள்ளினாள். அவர் அதைத் திறந்து பார்க்கப்போவதில்லை. காலையிலேயே நிரப்பிய பயணப் படிவத்தை மட்டும், பத்திரமாக இருக்கட்டும் என்று, சான்றுக்குள்ளேயே விட்டுவைத்தாள்.

"இப்போ சான்றைப் படிவத்துக்குள்ள வைங்க," என்றது எழுத்தர். வைத்தாள்.

"படிவத்தைத் திறக்கிறேன். சான்றைத் திறக்கிறேன். படிவத்தைத் திறக்கிறேன். சான்றைத் திறக்கிறேன்..."

மணி மூன்று ஐம்பது. அது திறந்துகொண்டே இருந்தது. தில்லைக்கரசி கவுண்டரை ஓங்கி ஓர் அடி அடித்தாள். மேற்பார்வையாளர் மரியசூசை டீ டம்ளரோடு வெளியே வந்தார்.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்சிட்டீங்களா? இன்னிக்கு இது பதினொண்ணாவது."

"எந்தப் புண்ணியவான்யா இதைக் கண்டுபிடிச்சான்?"

"நாமதாம்மா. இதை வடிவமைச்சவங்க பூமியில பத்து வருஷம் வீடு வீடாப் போய்ப் பாத்தாங்களாம். எல்லார் வீட்லயும் புது ஃபைல் ஒண்ணு காலியா இருந்துச்சு. ரேஷன் கார்டுக்குள்ள கரண்டு பில்லு, கரண்டு பில்லுக்குள்ள பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, மொத்தமும் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குள்ள. ஜனங்களுக்கு இதுதான் தோதுன்னு அப்படியே செஞ்சுட்டாங்க." இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய உலோகத் தகட்டை எடுத்து நீட்டினார். "அவசர அனுமதி. வெறும் தகடு. இதுக்குள்ள எதையும் வைக்க முடியாது. ஓடுங்க!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே எதுவுமே இல்லாத ஒரு பொருள்! உலகம் முழுக்க இப்படி இருந்தால் என்ன என்று மரியசூசையை வாழ்த்திக்கொண்டே ஓடினாள்.

ஊர்தி வாசலில் கதவு பாதி மூடியிருந்தது.

"தகடு?" என்றது வாசல் இயந்திரம்.

அவள் கைப்பேசியின் பின்னுறையைக் கழற்றினாள். தகடு விழுந்தது. கூடவே மூன்று பழைய பயணச் சீட்டுகள், ஒரு விபூதிப் பொட்டலம், ஒரு மருந்துச் சீட்டு, முன்பல் இல்லாமல் சிரிக்கும் யாழிசையின் முதல் வகுப்புப் படம் எல்லாம் விழுந்தன.

இயந்திரம் விழுந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தது. "அம்மா, இது கைப்பேசியா, கோப்புறையா?"

"ரெண்டுந்தான்ப்பா! கதவைத் திற!"