பி ஸ்பீக்கர்

பாட்டு உள் அறையிலிருந்து வந்தது. ஸ்பீக்கர் இரண்டும் முன்னறையில், அவனுக்கு நேர் எதிரே, சுவரோரமாக இருந்தன. உள் அறையில் இருந்ததெல்லாம் ஒரு கட்டில், ஒரு துணி பீரோ, மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போன ஐந்து வயது மகள், அவ்வளவுதான்.

ரிசீவர் வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஸ்டீரியோ. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் மூக்குக்கு ஃபிரேம் வளைத்துக் கொடுக்கிற அவன், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது இது ஒன்றுதான். ரேடியோ மெக்கானிக்கின் அலமாரியில் இரண்டு மாசம் பார்த்துப் பார்த்து ஏங்கி, கடைசியில் வாங்கியே விட்டான். மாடிக்குத் தூக்கி வந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"என்னங்க, என்னைக்கூட நீங்க இவ்வளவு ஆசையா தூக்கினதில்லையே" என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

கிண்டல் பண்ணட்டும், யார் வேண்டாம் என்றது! வெள்ளி முகப்பு, மரப் பெட்டி, டயலுக்குப் பின்னால் நீலமும் பச்சையுமாக ஒரு வெளிச்சம். குமிழை ஒரு சுண்டு சுண்டினால் முள் தானாக வழுக்கிப் போய் நிற்கும். பெட்டி சூடேற ஏறப் பழைய மரமும் தூசியும் கலந்து ஒரு வாசனை வரும்; அதற்காகவே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான்.

முகப்பில் ஏ, பி என்று இரண்டு பட்டன். இந்த அறை ஸ்பீக்கருக்கு ஏ. வேறொரு அறையில் இன்னொரு ஜோடி வைத்திருப்பவர்களுக்கு பி. அவனிடம் இருந்தது ஒரே ஜோடிதான். பெட்டியின் பின்னால் பி என்று போட்ட இடத்தில் ஒரு வயர்கூடக் கிடையாது. பட்டன் மேல் யாரோ பழுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். "அது வேலை செய்யாதுங்க சார், ஏ போதும் உங்களுக்கு" என்று மெக்கானிக் சொல்லித்தான் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, மழை, மனைவிக்குப் பகல் ட்யூட்டி. கை சும்மா இருக்கவில்லை. ஸ்பிரிட் தொட்டு டேப்பைத் துடைத்து எடுத்தான், எடுத்த கையோடு அமுக்கியும் பார்த்தான்.

இப்போது எழுந்து போய்ப் பார்த்தான். வாசற்படியில் கால் வைத்ததும் பாட்டு நின்றது. மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பீரோவைத் திறந்தான், கட்டிலுக்கு அடியில் குனிந்தான், ஒன்றுமில்லை. வெளியே வந்தான். பின்னாலேயே பாட்டு.

பக்கத்து வீடாக இருக்கும், வேறென்ன, என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஏ-யை அமுக்கினான். பாட்டு முன்னறைக்கு வந்தது. பி, உள்ளே போனது. ஒலியை முழுக்கக் குறைத்தான். பாட்டு போய்விட்டது, மழை மட்டும் கேட்டது, அப்புறம் மழைக்கு உள்ளே, உள் அறையிலிருந்து, மூச்சு கேட்டது. சளி பிடித்த மகளின் குட்டி மூச்சு ஒன்று, அதோடு சேராமல், நிதானமாக, ஒவ்வொரு இழுப்பிலும் மூக்கு லேசாக விசிலடிக்கிற பெரிய மூச்சு இன்னொன்று.

"குழந்தை நல்லா தூங்குதுங்க."

ஆண் குரல். நடுவயது. ரொம்ப மரியாதையான குரல்.

"யா... யாரு?"

"எழுப்பாதீங்க. நான் பாத்துட்டுதான் இருக்கேன்."

ஓடவேண்டும். கால் வரவில்லை. அடப்பாவி, உள்ளே பிள்ளை இருக்கிறாளே, போடா, போ என்று மனசு அலறியது, கால் அசையவே இல்லை.

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். பிறகு, "சரிங்க. அப்ப நான் வரேன்."

போன உயிர் திரும்பி வந்தது. கிளம்புகிறான்! பதினெட்டு வருஷமாகக் கடை வாசலில் ஒவ்வொருவரும் கிளம்பும்போது சொல்கிற வார்த்தை அது. போறேன் என்று யார் வாயிலும் வராது. வரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். பதிலும் பதினெட்டு வருஷமாக நாக்கு நுனியில் இருப்பதுதான்.

"சரி, வாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கிளம்புகிறவன் சொன்னால்தான் அது விடைபெறுவது. அந்தக் குரல் எங்கிருந்து கிளம்புகிறது? அது இன்னும் இங்கே வந்து சேரவே இல்லையே. வரேன் என்றால் வரேன்தான். அவனோ வாயாரக் கூப்பிட்டுவிட்டான்.

கட்டில் கிறீச்சிட்டது.

சின்னப் பாதங்கள் தரையில் இறங்கின. நடை மட்டும் சின்னதாக இல்லை. அவசரமில்லாத, எடை பார்த்து வைக்கிற நடை. மகள் வாசற்படியில் வந்து நின்றாள். உள்ளங்கையால் தலைமுடியைப் பின்னால் வழித்துவிட்டுக்கொண்டாள்.

"செல்லம்?"

தலையசைத்தாள். எதிர் நாற்காலியில் ஏறி முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தாள். கால் தரையை எட்டவில்லை. குனிந்து பார்த்தாள். கையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். புது ஃபிரேமைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் முகத்தைத் திருப்பிப் பார்ப்பார்களே, அப்படி.

"அப்பா."

அவள் வாய் திறக்கவில்லை. குரல் உள் அறையிலிருந்து வந்தது.

"அப்பா, நீ எங்க இருக்க? என் கை எனக்குத் தெரியல."

இந்தத் தடவை கால் ஓடியது. வாசற்படி. குரல் இல்லை. காலிக் கட்டில், கசங்கிய போர்வை. திரும்பி ஓடிவந்தான். குரல் இருந்தது, அழுதுகொண்டு. ஒலியைக் கூட்டினான், முழுசாக.

"அப்பா இங்கதான்டா இருக்கேன்! வா செல்லம், வந்துடு!"

"எப்படிப்பா?"

"வா! வான்னு சொல்றேன்ல, வாடா!"

எத்தனை தடவை கூப்பிட்டான் என்று தெரியாது. தொண்டை கிழிந்தது.

"எடம் இல்லப்பா" என்றது குரல். "யாரோ இருக்காங்க."

பி-யைத் தொட பயம். தொடாமல் இருக்க பயம். நாற்காலியைப் பார்க்கவே பயம். பெட்டியைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டான். ஐயோ, நானே கூப்பிட்டேனே, என் வாயாலேயே கூப்பிட்டேனே.

வெளியே இடி. ஃபேன் தளர்ந்தது. பக்கத்து வீட்டு டிவி பட்டென்று நின்றது.

கரண்ட் போய்விட்டது.

இந்த மாதிரிப் பழைய பெட்டிகள் உடனே சாகாது. உள்ளே மிச்சமிருக்கிற கரண்டில் சில நொடி பாடும்.

நீலம் மங்கியது.

"அப்பா, லைட்டை ஏன்..."

பச்சை மங்கியது.

"அப்பா, இருட்டா..."

குரல் தேய்ந்தது. இழுத்தது. ஒரு முனகல். பிறகு அதுவும் இல்லை.

மழை.

நாற்காலியில் ஒரு செருமல். தொண்டையைச் சரிசெய்துகொள்கிற செருமல். மறுபடி ஒன்று.

பிறகு அவன் மகளின் குரல், சளி கட்டிய அதே கொஞ்சல் குரல், ரொம்ப மரியாதையாகக் கேட்டது:

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு இன்னிக்கு எத்தனை மணிக்கு வேலை முடியுதுங்க?"