ஒற்றைப் புழுவுக்கான பால்

மதியம் தூங்கி எழுந்தவளின் இடது முழங்கையின் உட்பக்கம் சின்னச் சின்னக் கட்டங்கள் பதிந்திருந்தன. நடுநடுவே சிவந்த புள்ளிகள். பாய்த் தடமாக இருக்கும் என்று தேய்த்துவிட்டுக்கொண்டாள். ஆனால் அவள் படுத்திருந்தது மெத்தையில்.

அவளுக்கு இது ஏழாம் மாதம். உடம்பில் இரத்தம் குறைந்துகொண்டே போனது. "சாப்பிடறதெல்லாம் எங்கம்மா போகுது?" என்று டாக்டரம்மா கேட்டபோது, உடன் வந்திருந்த அக்காதான் முந்திக்கொண்டாள்: "நான் பாத்துக்கறேன் டாக்டர்." பார்த்துக்கொள்ளவும் செய்தாள். தாயில்லாத தங்கைக்காகத் தன் வேலையை உதறிவிட்டு வந்தவள், சத்து மாத்திரையை வேளை தவறாமல் கையில் வைத்து, விழுங்கும்வரை நகரமாட்டாள்.

கணவன் பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் இரத்தம் குடிக்கும் ஈக்களை வளர்த்தவன். கூடத்தை ஒரேயடியாக இழுத்து மூடிய பிறகு ஈக்கூண்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்து, அவை இருந்த மாடி அறையை எப்போதும் பூட்டியே வைத்திருந்தான். சாப்பிடும்போதுகூட ஈக்களைப் பற்றித்தான் பேச்சு.

"ஆணும் குடிக்கும், பொண்ணும் குடிக்கும். ஆண் குடிச்சதைப் பறந்தே தீத்துடும். பொண்ணு அப்படியில்ல. வயித்துல ஒரே ஒரு புழு. குடிச்ச ரத்தத்தைப் பாலாக்கி அதுக்கே ஊட்டிடும். அம்மான்னா அதுதான் அம்மா!" சிரித்தபடி அவள் வயிற்றைத் தடவுவான்.

அந்தக் கூண்டுகளின் வலை அவளுக்குத் தெரியும்; கையில் பதிந்திருந்ததும் அதே கட்டங்கள்தான். அவன் தரும் டீயைக் குடித்ததும் அடித்துப்போட்டாற்போல் தூக்கம் வருவதும் இப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை டீயை வாஷ்பேசினில் கொட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மாடிக் கதவின் தாழ்ப்பாள் முனகியது. வெறுங்காலடிகள் நிதானமாகப் படியிறங்கின. கூடவே ஈர இரும்பு வாடையும், பல்லிடுக்கில் கூசுகிற மெல்லிய ரீங்காரமும் அறைக்குள் நுழைந்தன. திரை இழுபட்டு, இமைக்குள் இருந்த வெளிச்சம் செத்தது.

எழுந்து கத்த வேண்டும்.

கை அசையவில்லை. காலும்.

டீயை வாயில்கூட வைக்கவில்லையே. அக்கா பக்கத்து அறையில்தான் இருப்பாள். வந்துவிடுவாள். அக்கா...

"கையில வேணாம் தம்பி. தடம் தெரிஞ்சிடுது."

அக்காவின் குரல். தலைமாட்டிலேயே.

மாத்திரை.

இமை மட்டும் திறந்தது. அக்கா பார்த்தாள். பதறவில்லை. தங்கையின் நெற்றியில் கிடந்த முடியைப் பக்குவமாக ஒதுக்கிவிட்டு, புடவையை விலக்கினாள்.

"ஆணையெல்லாம் பிரிச்சாச்சா?"

"பொண்ணுங்க மட்டும்தான் அண்ணி." அவன் மனைவியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வயிற்றின் மேல் ஜில்லென்று ஒரு சட்டம். வலை. ரீங்காரம் சட்டென்று நின்றது.

உள்ளே குழந்தை உதைத்தது. மறுபடி உதைத்தது. பிறகு இல்லை.

அக்கா கூண்டின் மேல் குனிந்து கொஞ்சினாள்.

"குடிங்கடி, என் கண்ணுங்களா. மாசமா இருக்கறவங்க வயிறு காயக்கூடாது."

வலைக்குள் வயிறுகள் ஒவ்வொன்றாகச் சிவந்து உப்பின.