அண்ணன் போட்டிருந்த கோட்டு

"வந்திருக்கிறது என் அண்ணன்தானான்னு சொல்லுங்க சார். நாளைக்கு ஆஸ்பத்திரியில அம்மா முன்னால அவனை நிறுத்தணும். அது பொய்யா இருந்தா அந்த உயிர் தாங்காது."

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்தப் பெண் உட்காரக்கூட இல்லை. அண்ணன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனபோது அவளுக்கு ஆறு வயது. குடும்ப ஆல்பமும் அவனோடு போயிற்று. இருபத்திரண்டு வருஷம் கழித்து, போன வாரம், அதே ஆல்பத்தோடு ஒருவன் வாசலில் வந்து நின்றான். வீட்டில் தன் பங்கைப் பற்றியும் மெல்லப் பேச்செடுத்திருந்தான்.

துப்பறிவாளர் ஆல்பத்தைப் புரட்டினார். அவர் ஒரு பக்கம் புரட்டுவதற்குள் சமைத்துச் சாப்பிட்டே முடித்துவிடலாம்; அதனால்தான் ஊர் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்தது. பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்த உதவியாளருக்கு அவசரம் என்று பெயர்.

"ஆள் எல்லாத்தையும் புட்டுப்புட்டு வைக்கிறானாமே சார்! உடைஞ்ச சைக்கிள், அத்தை வீட்டு நாய்க்குட்டி..."

"எல்லாம் இதுலயே இருக்குய்யா. படத்துக்கு வெளியில ஒண்ணாவது சொன்னானா?"

அவசரத்துக்குச் சுருக்கென்றது.

ஆமை ஒரு படத்தில் நின்றுவிட்டார். பத்தொன்பது வயது அண்ணன், ஒல்லிக்குச்சி, கோட்டும் டையுமாக. நாலு பக்கம் தள்ளி, பீப்பாய் உடம்புச் சித்தப்பா, அவரும் கோட்டோடு. இரண்டிலும் இரண்டாவது பொத்தான் மட்டும் வெள்ளை. அந்த ஒரே கோட்டு இருவருக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருந்தது. படத்தின் பின்னால் இருந்த ஸ்டூடியோ முகவரியைக் குறித்துக்கொண்டு கிளம்பினார்.

மாலையில் அவள் வீட்டுக் கூடத்தில் வந்தவனிடம் படத்தை நீட்டினார்.

"இந்தக் கோட்டு ஞாபகம் இருக்கா?"

"அப்பா ஆசையா தைச்சுக் கொடுத்தது. மறக்க முடியுமா?" அவன் குரல் தழுதழுத்தது. தங்கையும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவி, எவ்வளவு அழகாக அழுதான்!

ஆமை பையிலிருந்து அதே கோட்டை எடுத்தார். "ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

அவன் அதை வாங்கித் தோளுக்குப் பின்னால் வீசி, கையை நுழைத்தான். கை காற்றில் நீண்டது. இன்னொரு கையும் அப்படியே. கோட்டுக்கு முதுகே இல்லை. இரண்டு நாடாக்கள் மட்டும் தொங்கின.

"ஸ்டூடியோ கோட்டு. முன்பக்கமா கையை நீட்டி மாட்டணும், பின்னால நாடா கட்டுவாங்க. எந்த உடம்புக்கும் பொருந்தும். படத்துல முதுகு விழாது," என்றார் ஆமை.

"இத்தனை வருஷம் ஆச்சே... மறந்திருக்கலாம் இல்லையா சார்?" அவள் கெஞ்சினாள்.

"யாரோட கோட்டுங்கறது மறக்கலாம்மா. முதுகு காத்தாட நின்னதை எவனும் மறக்க மாட்டான். இவருக்கு இருக்கிறது ஞாபகம் இல்ல, படம்."

அவன் தலை தொங்கியது. "நானும் உங்க அண்ணனும் ஒரே அறையில இருந்தோம். தினமும் ஆல்பத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டுக் கதை சொல்லுவாரு. கோட்டு இரவல்னு மட்டும் சொல்லவே இல்ல."

"போலீசுக்குப் போன் போடட்டுமா சார்?" அவசரம் துள்ளினார்.

"இருங்க!" அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு அவன் எதிரில் போய் நின்றாள். "சொல்லுவாருன்னா? இப்ப எங்க இருக்கான்?"

"அதே அறையிலதான். ஆல்பத்தைக் காணோம்னு தேடிக்கிட்டிருப்பாரு."

அவள் வேன் சாவியை எடுத்தாள்.

"ஏறு. வழி சொல்லு."