கடலில் கொட்ட ஓர் அனுமதி

மூன்று நாளாகியும் போத்தலில் இருந்த சேறு அடங்கவில்லை. சோதனைக்கு ஆற்றிலிருந்து அள்ளிய சேறு ஒரே இரவில் கீழே படிந்து, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். இருபது வருடமாகச் சீவரத்தினம் பார்த்து வந்தது அதைத்தான். இது மட்டும், யாரோ உள்ளிருந்து கலக்குவதுபோல, பழுப்பாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

எண்பத்தாறாம் வருடம், சனிக்கிழமை. கிள்ளான் ஆற்றோரத்து அலுவலகம் அரை நாளோடு காலியாகிவிட்டது. மழைக்கு முந்தைய இருட்டு; கரையின் அழுகல் வாடையும் டீசல் நாற்றமும் ஜன்னல் வழியே ஏறி வந்தன. மாலை பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மனைவி புனிதவதி இரண்டு முறை போன் பண்ணிவிட்டாள்.

ஆற்றில் தோண்டிய சேற்றைக் கடலில் கொட்டுவதற்கான லைசென்ஸில் அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"பாஸ், தண்ணி வத்துறதுக்குள்ள தொங்காங் கெளம்பணும் லா," என்றார் ஒப்பந்தக்காரர் பழனியப்பன். சேறு ஏற்றிய அந்தப் படகு துறையில் காத்து நின்றது. "சேத்துக்குக்கூடவா பாஸ்போர்ட் பாப்பாங்க?"

காலையிலிருந்து வாசற்படியில் இருந்த பவுனம்மாள் எழுந்து உள்ளே வந்தாள். அவள் கணவன் கன்னையா, வாரம்தோறும் இங்கே சேற்றுப் போத்தல் கொண்டுவந்து வைப்பவன், புதன்கிழமை தோண்டும் கப்பலின் இரும்பு வாளிகளுக்கு நடுவே தவறி விழுந்தான். உடல் கிடைக்கவில்லை; அன்று அந்த வாளிகள் அள்ளிய சேறுதான் போத்தலில் இருந்தது.

"ஐயா, அவரு அந்தச் சேத்துக்குள்ளதான் இருக்காரு. ஒரு நாள் குடுங்க, நானே கையால அலசிப் பாத்துக்கறேன். மொகத்தக் கழுவி அனுப்பணும்யா."

"எவளோடயாவது ரவாங் பக்கம் ஓடியிருப்பான்," என்று சிரித்தார் பழனியப்பன்.

'சேற்றில் வேறு பொருள் உண்டா' என்ற கட்டத்தில், போத்தலைத் திறக்கும் முன்பே 'இல்லை' என்று எழுதி வைப்பது சீவரத்தினத்தின் பழக்கம். இன்றும் எழுதியிருந்தார். அதை அடித்தால் விசாரணை, மாலை போய்விடும்.

"நான் என்னம்மா செய்யிறது? அறிக்கையில ஒண்டும் இல்லையே."

கையெழுத்துப் போட்டார்.

பழனியப்பன் படகோடு போனார். பவுனம்மாள் படித்துறையில் போய் உட்கார்ந்தாள். கொட்டிய நேரத்தை ரேடியோவில் கேட்டு எழுதிய பிறகே சீவரத்தினம் கிளம்ப முடியும்.

இரண்டரைக்கு ரேடியோ கரகரத்தது.

"பாஸ், அடிக்கதவு தொறந்தாச்சு. சேறு விழ மாட்டேங்குது."

"என்ன?"

"மேல வருது லா. மேல..."

அலறல். ஆலையில் கரும்பு நெரிவதுபோல் எலும்புகள் நொறுங்கும் சத்தம். ஒரு குரல் அடங்க இன்னொரு குரல், அம்மாவைக் கூப்பிட்டபடி. பிறகு குமிழிகள். பிறகு இரும்பு வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருளும் ஓசை.

அந்தப் படகில் வாளிகளே கிடையாது.

மழை கொட்டியது. அவர் துறைக்கு ஓடினார்.

இழுக்கும் படகு எதுவும் இல்லாமல், வற்றும் நீரை எதிர்த்து, தொங்காங் திரும்பி வந்தது. மார்புவரை சேற்றில் புதைந்து ஐந்து பேர் நின்றார்கள். தாடை கிழியும்வரை வாயில் சேறு.

பவுனம்மாள் படகுக்குள் இறங்கினாள். சேலைத் தலைப்பால் முதல் முகத்தைத் துடைத்தாள். கன்னையா.

இரண்டாவது முகம். கன்னையா.

மூன்றாவதின் கழுத்தில் பழனியப்பனின் தங்கச் சங்கிலி. முகம், கன்னையா.

சீவரத்தினம் ஓட நினைத்தார். கால் வரவில்லை. நாக்கில் டீசல். பல்லிடுக்கில் மண். தொண்டையில் மண்.

அவள் படியேறி வந்தாள். அவருடைய நெற்றியை, கண்களை, கன்னங்களைப் பதமாகத் துடைத்தாள். உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா," என்றாள்.