பச்சை யானைக்குள் நீலப் பிறை

ரயில் நிலைய வாசலில் மழைக்கு ஒதுங்கியவர்களும் வண்டிக்கு ஓடியவர்களுமாக ஒரே நெரிசல். பைகளை எக்ஸ்ரே மெஷினுக்குள் அனுப்பித் திரையில் பார்ப்பது அவள் வேலை. துணி, பஞ்சு எல்லாம் ஆரஞ்சாகத் தெரியும். இரும்பு மட்டும் நீலம்.

பச்சை வெல்வெட் யானை ஒன்று திரையில் ஆரஞ்சாக மிதந்து வந்தது... அதன் வயிற்றில், பிறை மாதிரி ஒரு நீலக் கீற்று!

“யானை யாரோடது?”

“என்னோடது மேடம்.” தொப்பலாக நனைந்த ஒருவன். இமையில்கூட ஒரு மழைத்துளி... அட, அதை எதற்கு இவள் பார்க்கிறாள்?

“வயித்துல ஏதோ இரும்பு இருக்கு. பிரிக்கணும்.”

“பிரிக்கறதா! நான் சோபா தைக்கிறவன் மேடம். என் கையால தைச்சது. அக்கா குழந்தையை முதமுதலா பாக்கப் போறேன், வண்டி கிளம்பப் போவுது!”

“மெஷின் பொய் சொல்லாது.”

“அப்போ நான் சொல்றேனா?”

வரிசை முணுமுணுத்தது. உள்ளே ஒன்றும் இல்லாமல் போனால் மேலதிகாரி காய்ச்சி எடுத்துவிடுவார். ஆனால்... அந்தக் குழந்தை? பிளேடை நீட்டினாள்.

முறைத்துக்கொண்டே தையலைப் பிரித்தான். பஞ்சுக்குள் விட்ட விரலை “ஸ்...” என்று இழுத்துக்கொண்டான். நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு. உள்ளே இருந்தது, சோபா ஓரம் தைக்கும் வளைந்த ஊசி!

“இதைத்தான் கடை முழுக்கத் தேடினேன்...” ஊசியையே வெறித்துப் பார்த்தான். “எது கிடைச்சாலும் பாப்பா வாயிலதான் வெக்குதுன்னு அக்கா சொன்னா...”

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவளுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. உள்ளே வண்டி ஊதிவிட்டுப் போனது.

கூட்டம் வடிந்ததும் பிளாஸ்டர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதே நூலில், அதே ஊசியால் யானையை மூடிக்கொண்டிருந்தான்.

“திமிரா பேசிட்டேன்... மன்னிச்சிடுங்க.”

“வண்டி போச்சே, கோவம் வரலையா?”

“வரவெச்சுப் பாக்குறேன்... வரமாட்டேங்குதே!”

“தையல் கோணுது பாருங்க.”

“நீங்க இப்படிப் பாத்தா கோணாம என்ன செய்யும்?”

அவள் சட்டென்று திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் காது மட்டும் அவனிடமே...

அடுத்த வண்டிக்கு மணி அடித்தது. யானை மறுபடி மெஷினுக்குள் போனது. முழுக்க முழுக்க ஆரஞ்சு. எவ்வளவு அழகான நிறம்!

“தைரியமா கொடுங்க பாப்பாகிட்ட.”

யானையை அணைத்துக்கொண்டு நடந்தவனைக் கூப்பிட்டாள். “ஊசியை விட்டுட்டீங்க!”

“உங்ககிட்டயே இருக்கட்டும். வாங்கிக்க வரணும்ல?”

“ஊசி வாங்கவா?”

“வேற காரணம் சொன்னா, பிரிச்சுக் காட்டுன்னு சொல்லுவீங்களே...”

“சொல்லித்தான் பாருங்களேன்.”

மழைச் சத்தத்தை மீறி வந்தது அவன் குரல். “உங்களைப் பாக்க வருவேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு.”

ஊசியைத் தன் மேஜை டிராயரில் பத்திரமாக வைத்து மூடினாள்.

“அப்போ... பை இல்லாம வந்தாலும் நிறுத்துவேன்.”