பத்து மணியில் நின்ற கடிகாரம்

"அப்பா செத்த நேரத்துல கடிகாரம் தானா நின்னுடுச்சு சார்," என்றாள் சொலேன். "பாதாள அறைப் படியில தவறி விழுந்துட்டார்னு சொல்றாங்க. எனக்கு அந்த வீட்டுக்குள்ள கால் வைக்கவே நடுங்குது."

துப்பறியும் பொத்ரி கோட்டை மாட்டிக்கொண்டார். உதவியாளர் பெரின் அதற்குள் காரைக் கிளப்பியிருந்தாள்.

பிரான்சின் ஓவெர்ன் மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. சாவு வழக்கப்படி வீட்டுக் கண்ணாடிகளை எல்லாம் கறுப்புத் துணி மூடியிருந்தது. மாடியில் சொலேனின் அப்பா ஒதிலோனின் உடல். கீழே கூடத்தில் ஆளுயரக் கடிகாரம். அதன் முள் பத்தில் நின்றிருந்தது.

"இந்த நிசப்தம் தாங்கல," என்று சொலேனின் கணவன் குளோவிஸ் பெண்டுலத்தை ஆட்டிவிடப் போனான்.

"கையை எடு!" இறந்தவரின் அக்கா எர்மான்ஸ் அலறினாள். "அடக்கம் முடியறவரைக்கும் ஓடக் கூடாது."

"சாவுக்குக் கடிகாரம்கூட லீவு எடுக்குமா? பாரீஸ்ல நான் கேள்விப்பட்டதே இல்லையே!" என்றான் குளோவிஸ்.

பெரின் கிசுகிசுத்தாள்: "அவன் பூட்ஸ்ல சேறு சார். இவன்தான்."

"விறகு எடுக்கப் போன சேறு. சும்மா இரு."

பொத்ரி எல்லாரையும் உட்கார வைத்தார். "உடலை முதல்ல யார் பார்த்தது?"

"நான்தான், காலைல ஆறு மணிக்கு. அப்பவே கடிகாரம் நின்னிருந்துச்சு," என்றாள் சொலேன். "முந்தின ராத்திரி பக்கத்து வீட்டுலேருந்து வந்தப்போ கடிகாரம் ஒன்பது அடிச்சுது."

"கடிகாரத்துக்குப் பேய் பிடிக்கல," என்றார் பொத்ரி. " சாவி கொடுத்தபடியே இருக்கு. யாரோ கையால நிறுத்தியிருக்காங்க. உயிர் பிரியறப்போ நிறுத்தறது இந்த ஊர் வழக்கம். காலைல நிறுத்தியிருந்தா முள் ஆறு மணியைக் காட்டும். இது பத்துல நிக்குது. அப்பவே சாவு தெரிஞ்ச ஆள் இங்க இருக்கு. குளோவிஸுக்கு வழக்கமே தெரியாது. சொலேன் நிறுத்தியிருந்தா, தானா நின்னுச்சுன்னு பயந்து என்னைத் தேடி வந்திருக்க மாட்டா."

எல்லார் பார்வையும் எர்மான்ஸ் மேல் திரும்பியது.

"வீட்டை விக்கறேன்னான்," என்றாள் அவள். "ஒரே தள்ளு. விழுந்துட்டான். கடைசி மூச்சு நின்னதும் கை தானா பெண்டுலத்துக்குப் போயிடுச்சு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான்தான் நிறுத்தினேன்."

"எப்போ தள்ளினீங்க?"

"ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி. எட்டு இருக்கும்."

பெரின் பத்தில் நின்ற முள்ளைத் திரும்பிப் பார்த்தாள். சொலேன் மெல்ல எழுந்தாள். "நான் வந்தப்போ அப்பா தூங்கறார்னு சொன்னீங்களே அத்தை. மெதுவா பேசுன்னீங்களே."

எர்மான்ஸ் தலை நிமிரவில்லை.

"உன் குரல் கேட்டா கூப்பிட்டுடுவானோன்னு பயம்."